முலாம் பூச வீடா, பட்டறையா? ஒரு வரவு செலவுக் கணக்கு

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் விஞ்ஞானி அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுன்ட்டரில் காலத்தைக் கழித்தவன். "எலக்ட்ரோபிளேட்டிங் பற்றி நீங்கள் பேசப் போகிறீர்களா சார்?" என்று செயலாளரே ஆச்சரியப்பட்டார். வீட்டிலேயே அதைச் செய்து பார்த்துச் சூடுபட்டவன் நான். அந்தத் தகுதி ஒன்றுதான் எனக்கு.

மாமல்லபுரம் பக்கத்து உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டில் இருக்கும் என் தங்கையும் நானும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பூட்டு வாங்கினோம். அவள் வீட்டுப் பூட்டு இன்றும் பளபளக்கிறது. என் வீட்டுப் பூட்டு துருவேறி இறுகிப்போய், கடைசியில் ரம்பத்தால் அறுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காற்றுக்கு என் அப்பாவின் சைக்கிளும் தப்பவில்லை. பெல் மூடியில் குரோமியம் உரிந்து துரு தெரிந்தது. வீடியோ பார்த்து, நாமே முலாம் பூசிவிடலாம் என்று இறங்கினேன்.

முறை எளிது. மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். செம்புத் தகட்டை பேட்டரியின் பிளஸ்ஸிலும், முலாம் பூச வேண்டிய பொருளை மைனஸிலும் கட்டி முக்கினால், தகட்டிலிருந்து செம்பு கரைந்து பொருளின் மேல் படியும். எங்கள் பாஷையில் தகட்டுக் கணக்கில் டெபிட், பெல் கணக்கில் கிரெடிட். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.19 கிராம் செம்பு இடம் மாறும். 1830-களில் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி இது. பைசா பிசகாது.

பெல் ரோஜா நிறத்தில் மின்னியது. மறுநாள் துணியால் துடைத்தேன். முலாம் துணியோடு வந்துவிட்டது.

காரணத்தை அம்பத்தூரில் ஒரு பிளேட்டிங் பட்டறைக்காரர் சொன்னார். இரும்பை மயில்துத்தக் கரைசலில் போட்டால் மின்சாரம் இல்லாமலே செம்பு படியும், ஆனால் பொடியாகத்தான் படியும், பிடிப்பு இருக்காது. அதனால் பட்டறையில் முதலில் நிக்கல் பூச்சோ, சயனைடு கலந்த செம்புக் கரைசலில் மெல்லிய பூச்சோ கொடுக்கிறார்கள். சயனைடில் அமிலம் பட்டால் உயிர்க்கொல்லி வாயு வரும். அதை வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

"சார், பிளேட்டிங்கில் பாதிக்கு மேல் கழுவுகிற வேலைதான்" என்றும் சொன்னார். எண்ணெய்ப் பசை போக வேண்டும், துரு போக வேண்டும். கழுவிய பொருளின் மேல் தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றால்தான் சுத்தம். எனக்குச் சிறு வயது ஞாபகம் வந்தது. தெருவில் ஈயம் பூச வருபவர் துருத்தி, நவச்சாரம், வெள்ளீயத்தோடு உட்காருவார். பித்தளைப் பாத்திரத்தைத் தேய்ப்பதற்குத்தான் அவருக்கு நேரம் ஆகும். ஈயம் பூசுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இனி செலவுக் கணக்கு. வீட்டில் மயில்துத்தம், செம்புத் தகடு, சார்ஜர், கையுறை எல்லாம் சேர்த்து 640 ரூபாய். பட்டறையில் பெல்லுக்கும் பிரேக் கைப்பிடிகளுக்கும் நிக்கல், குரோமியம் போட 450 ரூபாய், பஸ் செலவு தனி. ஏறக்குறையச் சரிதான் என்று நோட்டை மூடினேன்.

என் மனைவி கேட்டாள்: "மிச்சத் தண்ணியை எங்க ஊத்தினீங்க? அதை எழுதினீங்களா?"

கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றியிருந்தேன். ஒரு மாதத்தில் மரம் பட்டுப்போனது. அங்கிருந்து பதினைந்து அடியில் அடுத்த வீட்டு அடிபம்பு. நம்முடையது மணல் பூமி, ஊற்றியது அப்படியே கீழே இறங்கும். அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் போய் அடுத்த வீட்டு அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். மண்ணைத் தோண்டி மூட்டையில் கட்டினோம். என் செலவில் அவர்கள் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். முடிவு வரும்வரை அவர்கள் கேன் தண்ணீர் குடித்தார்கள். நல்லவேளை, செம்பு வரம்புக்குள் இருந்தது. அக்கா கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அது வெறும் செம்பு. குரோமியமாக இருந்தால்? குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் இந்தியத் தர நிர்ணய வரம்பு. வகுத்துப் பாருங்கள், ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய்விடும். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990-களிலேயே மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது.

வீடியோவில் துரு எடுக்கிறேன் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனை பிளஸ்ஸில் கட்டி உப்புத் தண்ணீரில் விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்சாவேலன்ட் குரோமியம் அதில் கரையக்கூடும், குளோரின் வாயுவும் வரும்.

அப்படியானால் பட்டறையில் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? இல்லை. எலக்ட்ரோபிளேட்டிங் சிவப்பு வகைத் தொழில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கழிவுநீரில் உள்ள குரோமியத்தைச் சுத்திகரித்து, சுண்ணாம்பு போட்டுச் சகதியாகப் பிரித்து, அந்தச் சகதியை அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யாத பட்டறை மலிவாகத்தான் இருக்கும். நான் கறிவேப்பிலை மரத்தடியில் செய்ததை அது யாரோ ஒருவர் கிணற்றடியில் செய்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே என் யோசனைகள்:

1. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, பித்தளைச் சாவியில் செம்பு பூசிப் பாருங்கள். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி அவசியம். சமையல் பாத்திரம் கூடாது. கரைசலை ஊற்றாதீர்கள். பெயர் எழுதி மூடிவைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

2. நிக்கல், குரோமியம், தங்கம், வெள்ளி எல்லாம் பட்டறைக்கே.

3. பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள்: வாரிய இசைவு இருக்கிறதா? அடிப்பூச்சு என்ன, எத்தனை மைக்ரான்? கழிவு எங்கே போகிறது?

4. கேட், வெளிக் கீல், போல்ட்டுகளுக்கு மெல்லிய துத்தநாக முலாம் நம் காற்றில் நிற்காது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சாமான் வாங்குங்கள், அல்லது 316 ரகத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஒன்றிரண்டு சாமானைப் பட்டறையில் எடுக்கத் தயங்குவார்கள். ஆளுக்கு நாலு சாமான் சேர்த்தால் ஒரு லாட் ஆகிவிடும், செலவும் குறையும். சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டியும் நோட்டும் வைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எழுதும் வேலை என்னுடையது. இந்த முறை கழிவுக்கும் ஒரு காலம் போட்டு எழுதுகிறேன்.

அப்பாவின் சைக்கிள் பெல் இப்போது நன்றாக ஒலிக்கிறது. கறிவேப்பிலைக்குத்தான் இன்னும் அடுத்த வீட்டு அக்காவிடம் போய் நிற்கிறேன்.