பெண்கள் ஆட்டமும் ஒரு வழக்கும்

பெண்கள் பிரிவில் ஆடத்தக்கவர் யார் என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1976 ஆம் ஆண்டிலே, ரெனீ ரிச்சர்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கண் வைத்திய நிபுணர் பெண்களுடன் டென்னிஸ் ஆட முன்வந்தபொழுதே அது மூண்டுவிட்டது. ஆணாகப் பிறந்து, 1975 இற் சத்திரசிகிச்சை மூலம் பெண்ணாக மாறியவர் அவர். நியூ ஜேர்சியில் அவர் ஆடவிருந்த போட்டியிலிருந்து 25 வீராங்கனையர் விலகினர். ஆறடிக்கு மேற்பட்ட உயரத்தையும் தோள்வலியையும் சிகிச்சை மாற்றிவிடுமா? எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது.

டென்னிஸ் சங்கம் உயிரணுப் பரிசோதனையை விதித்தது. அவரோ மறுத்து வழக்குத் தொடர்ந்தார். புகழ்பெற்ற வீராங்கனை பில்லி ஜீன் கிங் அவருக்காகச் சத்தியக்கடதாசி அளித்தார். 1977 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் ரிச்சர்ட்ஸே வென்றார்.

ஆனால் களத்தில் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் முதற்சுற்றிலேயே, விம்பிள்டன் வெற்றிவீராங்கனை வேர்ஜினியா வேட் அவரை 6-1, 6-4 எனத் தோற்கடித்தார். எதிர்த்தோரின் அச்சம் வீணென்று சொல்லத் தோன்றும். எனினும் அப்பொழுது அவருக்கு வயது 43 என்பதை மறத்தலாகாது. இருபத்திரண்டு வயதிலே மாறியிருந்தால் எந்தப் பெண்ணும் தம்மை நெருங்கியிருக்க இயலாதென்று, முதுமையில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டு கூறினார்.