பிறர் வாக்கும் நம் வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு அதற்கான தகுதி இல்லை. ஆதலின், நம் காலனியில் நாமே கண்ட ஒரு செய்தியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ நாம் இங்கு வரவில்லை. தேர்தலில் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று பெரியவர் ஒருவரோ, புகழ் பெற்றவர் ஒருவரோ, ஒரு சங்கமோ சொன்னால், அந்தச் சொல்லுக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதே கேள்வி.

சென்ற தேர்தலின்போது, ஒரு மாலையில் நம் சங்க அறைக்கு மூவர் வந்தனர். ஒரு வேட்பாளரின் ஆட்கள் அவர்கள். மிக மரியாதையாகவே பேசினார்கள். "இந்தக் கரக்பூரில் உங்கள் மக்கள் எல்லோரும் ஒரே கட்டாக இருப்பவர்கள். சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் கூரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நம் கூரையின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. மழைக்காலத்தில் குழந்தைகளின் தமிழ் வகுப்பைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நடத்துகிறோம்.

அன்றிரவு செயற்குழு கூடியது. "வாக்கு எப்படியும் யாருக்கோ போகப்போகிறது, கூரையாவது வரட்டுமே" என்றனர் சிலர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் இல்லை. சொந்த வீட்டிற்காக அவர்கள் கேட்கவில்லை. ஆயினும் முடிவில், சங்கம் யாரையும் ஆதரிக்காது என்று தீர்மானித்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தமுற்றுச் சில மாதங்கள் சங்கத்திற்கு வரவில்லை. நாம் செய்தது சரிதானா என்று அந்நாட்களில் பல முறை நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். அந்தச் சிந்தனையின் பயனே இவ்வுரை.

நம் நாட்டு வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம். 1939-ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் தலைவர் தேர்தல் நடந்தது. ஒருபுறம் சுபாஷ் சந்திர போஸ். மறுபுறம் பட்டாபி சீதாராமையா. காந்தியடிகளின் விருப்பம் பட்டாபியின் பக்கம் இருந்தது. வல்லபபாய் படேல், ராஜேந்திர பிரசாத் முதலிய பெருந்தலைவர்கள் அவரை ஆதரித்து அறிக்கையே வெளியிட்டனர். அதைவிடப் பெரிய சிபாரிசு அன்றைய பாரதத்தில் வேறு எவர்க்குக் கிடைத்திருக்கும்? எனினும் பிரதிநிதிகள் சுபாஷுக்கு 1,580 வாக்குகளும் பட்டாபிக்கு 1,377 வாக்குகளும் அளித்தனர். இத்தோல்வி பட்டாபியினுடையது என்பதைவிடத் தம்முடையதே என்று காந்தியடிகள் எழுதினார். காந்தியடிகளைத் தலைவராகக் கொண்டிருந்தவர்களே அவ்வாறு வாக்களித்தார்கள். ஒருவரை வணங்குவது வேறு, அவர் காட்டும் ஆளைத் தேர்ந்தெடுப்பது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பெரியோர் அறிவுரையைக் கேளாததன் விலையும் அங்கே தெரிந்தது. மூத்த தலைவர்களின் ஒத்துழைப்பைப் பெற இயலாமல், அவ்வாண்டு ஏப்ரலில் சுபாஷ் பதவி விலகினார். ஆகவே பெரியோர் சொல் வெறும் காற்று என்று தள்ளவும் கூடாது. அதுவே முடிவு என்று கொள்ளவும் கூடாது.

இனி நம் தாயகத்துச் செய்தி. 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டியிடவில்லை. தன் திராவிட நாட்டுக் கொள்கையைச் சட்டசபையில் ஆதரிப்பதாக எழுதிக் கையெழுத்திட்ட வேட்பாளர்களுக்கு ஆதரவு தந்தது. உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி ஆகியவற்றின் வேட்பாளர்கள் அவ்வாறு ஆதரவு பெற்றனர். தேர்தல் முடிந்தது. காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயகர் 1952-லேயே ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமிப் படையாச்சியார் 1954-இல் காமராஜரின் மந்திரிசபையில் இடம் பெற்றார். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆதரவு தந்தவர்களாலேயே வென்றவர்களைத் தம் பக்கம் நிறுத்திவைக்க முடியவில்லை என்பதே நாம் கருத வேண்டியது.

1969-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் ரயில்வேக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒன்று. வெற்றி பெற்ற வி.வி. கிரி, 1920-களின் இறுதியில் நம்முடைய இந்த வங்காள நாகபுரி ரயில்வேத் தொழிலாளரின் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அத்தேர்தலில் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. அவருடைய வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவர் பிரதமர் இந்திரா காந்தி. அதே பிரதமர் பின்னர், மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின் கிரி 4,20,077 மதிப்பும், ரெட்டி 4,05,427 மதிப்பும் பெற்றனர். ஒரே கையின் ஆதரவு சில வாரங்களில் திசை மாறக்கூடுமானால், வாக்களிப்பவர் கடைசியில் தம் அறிவைத்தானே நம்பியாக வேண்டும்?

புகழ் பெற்றவர்களின் சொல்லும் அப்படியே. 1996-இல் திரைப்பட நடிகர் ரஜினிகாந்த் தி.மு.க. – த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவு தெரிவித்தார். அக்கூட்டணி பெருவெற்றி கண்டது. அவர் வாக்கே வென்றது என்று பலரும் பேசினர். 2004-இல் அவரே பாட்டாளி மக்கள் கட்சியை அது போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் எதிர்த்தார். ஆறிலும் அக்கட்சியே வென்றது. அந்த நடிகரிடம் மக்கள் வைத்த அன்பு எட்டு ஆண்டுகளில் வற்றிவிடவில்லை. 1996-இல் மக்கள் மனத்தில் முன்பே இருந்ததை அவர் சொன்னார். 2004-இல் இல்லாததைச் சொன்னார். இவ்வாறே நாம் கருதுகிறோம்.

அப்படியானால் பிறர் சொல்லைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பையனின் அண்டை வீட்டாரை விசாரிக்கிறோம். விசாரித்த பின் நாமும் நேரில் போய்ப் பார்க்கிறோம். கட்சிச் சின்னம் என்பதும் ஒரு கட்சி தன் வேட்பாளருக்குத் தரும் சிபாரிசுதான். அவர் எந்தக் கொள்கையின் பக்கம் நிற்பார் என்பதை அது ஓரளவு காட்டுகிறது. வேற்று மொழி வழங்கும் ஊரில், உள்ளூர்ப் பத்திரிகையைப் படிக்க இயலாத நம்மவர்க்கு, விஷயம் அறிந்தவர் சொல் மிகவும் துணையாகும்.

நம் கூட்ஸ் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். நாம் பிரித்துச் சோதிக்காத சரக்குக்கு ரசீது எழுதும்போது, உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்று பொருள்படும் குறிப்பு ஒன்றைச் சேர்ப்போம். அனுப்புகிறவரைப் பொய்யர் என்று அக்குறிப்பு சொல்லவில்லை. அவர் சொன்னது மெய் என்று ரயில்வே உறுதி கூறவும் இல்லை. தேர்தல் ஆதரவையும் அந்தக் குறிப்போடுதான் ஏற்க வேண்டும். ஏற்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம். சொல்கிறவர் இந்த வேட்பாளரின் வேலையை நேரில் அறிந்தவரா? சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா? நாளை வேட்பாளர் வாக்குத் தவறினால், சொன்னவர் நம்மோடு வந்து நியாயம் கேட்பாரா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காவிடில், அது எவ்வளவு பெரிய மனிதரின் சொல்லானாலும் சரி, விளம்பரம் என்றே கொள்க. தெரிந்து தெளிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பது இதற்காகத்தான்.

இக்கேள்விகளை நம் சங்கத்தின் மீதே வைத்துப் பார்த்தோம். அந்த வேட்பாளரை நம்மில் எவரும் அறியோம். ஆதாயமோ, கூரை. நாளை தவறினால் கேட்கும் வலிமை நமக்கு இல்லை. அதற்கு மேல், 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் நம்மைத் தேர்தல் பிரசாரம் செய்ய விடுவதில்லை. யாருக்கு வாக்களித்தோம் என்று நாம் குறிப்பாகக்கூடக் காட்டலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, இருநூறு வீடுகளின் வாக்கு சங்கத்தின் சொத்து அன்று. நம்மிடம் இல்லாத ஒன்றை நாம் எப்படி விலை பேசுவது?

மறுவாரம், ஓய்வு பெற்று மறைந்த பிட்டர் ஒருவரின் மனைவியார் நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். "தம்பி, யாருக்குப் போடுவது? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்" என்றார். "அம்மா, பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஆனால் எல்லோரையும் பற்றிப் படித்துக் காட்டுகிறேன்" என்றோம். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாண பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். தேர்தல் கமிஷன் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. நம் மகன் கைபேசியில் எடுத்துத் தர, முக்கிய வேட்பாளர்கள் அனைவருடையதையும் ஒரு மணி நேரம் படித்தோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவர்களில் முன்பு பதவியில் இருந்தவர் நம் தெருக் குழாய்க்கு என்ன செய்தார்?" என்று வினவினார். எந்தத் தலைவரும், எந்த நடிகரும் நமக்காகக் கேட்டுத் தர முடியாத கேள்வி அது. அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பெரியோர்களே! வாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பேச்சும் வாக்கு, தேர்தலில் அளிப்பதும் வாக்கு. பிறர் வாக்கைக் காது கொடுத்துக் கேட்போம். நம் வாக்கை நாமே அளிப்போம். ஐந்தாண்டு அதன் விளைவை அனுபவிக்கப் போகிறவர்கள் நாமே அல்லவா?

வருத்தமுற்ற அந்த மூத்த உறுப்பினர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கூரை நிதிக்கு முதல் நன்கொடை எழுதியவரும் அவரே. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். இம்மலரின் விளம்பர வருவாயும் அந்நிதிக்கே சேரும். மழை தொடங்குமுன் வேலை முடிய வேண்டும். இயன்றதை அளித்து உதவுமாறு வேண்டி அமர்கிறோம்.