முகப்பைத் தொடுமுன்

(நூற்றாண்டையொட்டித் தம்புள்ளையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று நாம் கண்ட தம்புள்ளைக் குகை விகாரையில், ஐந்து குகைகளுக்கும் முன்னே நீளும் வெண்ணிற வளைவு முகப்பைப் பலரும் படம் பிடித்தீர்கள். குகைகளோ கிறிஸ்துவுக்கு முன்பே துறவிகள் வாழ்ந்தவை. அந்த முகப்பு 1938இல் எழுந்தது. அதற்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் வெட்டிய விளிம்பையும் பிராமிக் கல்வெட்டையும் கவனித்தவர்கள் சிலரே. ஒரு கட்டடத்தை உலகம் அதன் முகத்தால்தான் அறிகிறது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றைத் திருத்தவோ மாற்றவோ அதனோடு புதிதாக எதையும் சேர்க்கவோ தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உரிமையாளருக்கும் இது பொருந்தும். 1815 மார்ச் 2க்குப் பிற்பட்ட கட்டடத்தையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம். தம்புள்ளை 1991 முதல் உலக மரபுரிமைத் தலம் என்பதால், அங்கே பெரிய மாற்றம் செய்வதானால் யுனெஸ்கோவுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

நமது பிரதான மண்டபம் வர்த்தமானியில் இல்லை. ஆனால் அதற்கும் நூறு வயது. ஓட்டுக்கூரையையும் மரத்தூண்களையும் அகற்றி, அலுமினியமும் கண்ணாடியும் பதித்த புது முகப்பை நூற்றாண்டுப் பரிசாக வழங்கலாம் என்றொரு யோசனை சங்கத்தின் முன் உள்ளது. நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆனாலும் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்த ஒழுங்கையே நாமும் பின்பற்றுவோம் என வேண்டுகிறேன்.

முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவுடன் வரைபடம் தயாரிப்போம். எதை மாற்றுகிறோம், ஏன், எந்தப் பொருளால் என எழுதுவோம். உடைந்த ஓட்டுக்கு ஓடே போட முடியுமா என்று கேட்போம். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் விண்ணப்பித்து, தொல்பொருள் திணைக்களத்தின் ஆலோசனையையும் பெறுவோம். எழுத்தில் பதில் வரும்வரை ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். வாய்மொழிச் சம்மதம் போதாது. மின்னிணைப்பு, மலசலகூடம் போன்ற அவசர வேலைகளை முகப்பைத் தொடாமலே தொடங்கலாம்.

இதனால் சில மாதங்கள் தாமதமாகலாம். கழற்றிய தூண்களை மீண்டும் நிறுத்துவதோ அதைவிடக் கடினம்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். மண்டபப் படிகளில் நின்றெடுத்த வகுப்புப் படம் உங்கள் அல்பங்களில் இருக்கும். அதன் பிரதியை, ஆண்டைக் குறித்து, சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய முகப்பு எப்படி இருந்தது என்பதற்கு அவையே நம்மிடமுள்ள சான்றுகள்.