உப்பிட்டவருக்கு ஒரு டப்பா

("பண்டிகைப் பலகாரத்தில் முதல் பங்கு வாசலுக்கு வருபவருக்கா? வாசலுக்கு வராதவருக்கா?" என்ற பட்டிமன்றத்தில், "வராதவருக்கே!" என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கையிலே பட்டியலோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, உப்புக் காற்றோடு உட்கார்ந்திருக்கும் மரக்காணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ஒரு பட்டியல் வாசிச்சாருங்க. தபால்காரர், பால்காரர், தெரு பெருக்குகிற அம்மா, சிலிண்டர் போடுகிறவர். தீபாவளிப் பலகாரம் இவங்களுக்குத்தான் முதல்லே போகணும்னாரு. ஏன்னு கேட்டா, "கொடுக்கலேன்னா அடுத்த சிலிண்டர் லேட்டா வரும்"ங்கிறாரு. ஐயா, இதுக்குப் பேரு நன்றியா? இதுக்குப் பேரு அட்வான்ஸ்! (சிரிப்பு)

வாசலுக்கு வருகிறவரை மறந்துடுங்கன்னு சொல்ல நான் வரலீங்க. தெரு சுத்தமா இருக்குன்னா, அந்த அம்மா விடியறதுக்கு முன்னாலே குனிஞ்ச முதுகு நிமிராம பெருக்கினதுதான் காரணம். அவசியம் கொடுங்க. தபால்காரருக்கும் கொடுங்க. ஆனா ரொக்கமா நீட்டாதீங்க. அரசு ஊழியருக்கு நடத்தை விதி உண்டு. அமெரிக்காவிலேகூட தபால்காரருக்கு ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள்ளேதான் பரிசு தரலாம், பணமா தரவே கூடாதுன்னு விதி இருக்கு. இவங்க யாருக்கும் கொடுக்க வேண்டாம்னு எங்க அணி சொல்லவே இல்லை. முதல் பங்கு யாருக்கு? அதுதான் இன்றைய கேள்வி.

நடுவர் அவர்களே, இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே வரும்போது நீங்களும் பார்த்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா உப்பளம். மூவாயிரம் ஏக்கருக்கு மேலே! அது எப்படி விளையுது தெரியுமா? முதல்லே பாத்தியின் களிமண்ணைக் காலாலே மிதிச்சு மிதிச்சு இறுக்கணும். கடல் தண்ணியிலே நூத்துக்கு மூணரைப் பங்குதான் உப்பு. அந்தத் தண்ணியைப் பாத்திக்குப் பாத்தி மாத்தி, வெயில்லே காய வைக்கணும். போமே மானியிலே 3 டிகிரி காட்டின தண்ணி 25 டிகிரிக்கு ஏறினாத்தான் உப்புப் பூக்கும். பூத்ததை வாரிக் கரையேத்தணும். தலைச்சுமையா தூக்கி அம்பாரம் போடுறது பெரும்பாலும் பெண்கள்தான். வெயில் அடிச்சா நாம நிழல் தேடுறோம். அவங்களுக்கு வெயில்தான் மூலதனம்! வெள்ளைப் பாத்தியிலே பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் கெடுக்குது. உப்புத் தண்ணி பாதத்தை வெடிக்க வைக்குது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். தை, மாசியிலே தொடங்குற இந்த வேலை புரட்டாசியோட சரி. ஐப்பசி மழை விழுந்தா உப்பளம் பூரா வெள்ளம். தீபாவளி எப்போ வருது? அதே ஐப்பசியிலே! நம்ம வீட்டுலே எண்ணெய்ச் சட்டி காயுற நாள்லே, அவங்க வீட்டுலே கூலி நின்னு போயிருக்கு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையைக் கடந்தப்போ, உப்பளமெல்லாம் தண்ணிக்குள்ளே கிடந்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. மழைக்கால மூணு மாசம் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லைன்னு உணர்ந்துதான், தமிழக அரசு 2022-லே 5,000 ரூபாய் நிவாரணத் திட்டத்தைத் தொடங்கினது. அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச அந்த மூணு மாசம் நம்ம அடுப்படிக்குத் தெரிய வேண்டாமா? (கைதட்டல்)

எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க: "முகம் தெரியாதவருக்குக் கொடுத்தா அது தர்மம்தானே, நன்றி எப்படி ஆகும்?" நல்ல கேள்விம்மா. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளே உப்புப் போதும்னு சொல்லுது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். வருஷத்துக்கு ஏழு கிலோ சொச்சம். ஒரு கிலோ நெய் மைசூர்பாகு வாங்குற காசிலே ஓராண்டு உப்பு வந்துடும்! அந்த விலையிலே அவங்க பட்ட வெயிலுக்கு முழுக் கூலி போய்ச் சேர்ந்திருக்குமா? அப்போ நாம பாக்கி வச்சிருக்கோம். பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறதுக்குப் பேரு தர்மமா, அம்மா? (பலத்த கைதட்டல்)

1930-லே ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினார். அது சரித்திரத்திலே நிக்குது. தினம் தினம் அள்ளுகிறவங்களுக்கு நம்ம பலகாரத் தட்டிலே இடம் வேண்டாமா?

எப்படிக் கொடுக்கணும்? மிச்சம் மீதியைக் கொடுக்காதீங்க. போட்டோ பிடிச்சுக் கொடுக்காதீங்க. அதிரசம் சுடும்போதே ஒரு டப்பா கூடுதலா வையுங்க. பண்டிகைக்கு முன்னாடியே போய், "எங்க வீட்டுச் சமையல்லே உங்க உப்புதாங்க" என்று சொல்லிக் கொடுங்க. அவங்க கொடுக்கிற மோரை உட்கார்ந்து குடிச்சிட்டு வாங்க. உப்பளம் இல்லாத ஊரா? மழையிலே செங்கல் சூளையும் நிக்குது. உங்க ஊர்லே அந்த மாசம் யாருக்குக் கூலி இல்லைன்னு விசாரிங்க. பட்டியலை அங்கேயிருந்து தொடங்குங்க.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்றோம். விருந்து வச்சவரைத்தான் நினைக்கிறோம். அந்த உப்பை விளைவிச்சவரை நினைக்கிறோமா? நம்ம இனிப்புக்கே ஒரு சிட்டிகை உப்பு தேவைப்படுதுங்க. ஆகவே முதல் பங்கு வாசலுக்கு வராதவருக்கே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)