தூண்களும் வாசற்படியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'நம் ஊரும் நம் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். செஞ்சியில் நின்றுகொண்டு கோட்டையைப் பேசாதிருக்க இயலாது. இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் அரங்கேறிய கோட்டைக் கவிதைகளை நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முதலடியில் இராசகிரி எழும். இறுதியடியில் வெள்ளையன் வந்து அதைச் சாய்ப்பான். நானும் அவ்வாறு எழுதியவனே. ஆதலின் பிறரைக் குறை கூற நான் எழவில்லை. என் கணக்கை உங்கள் முன் படிக்கவே எழுந்தேன்.

பள்ளி நாளில் ஆசிரியர் எங்களைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே காந்தியடிகள் சிலையைச் சுற்றி உயர்ந்த கருங்கல் தூண்கள் நிற்பதை அனைவரும் அறிவீர்கள். "இவை நம்மூர்த் தூண்கள்" என்றார் ஆசிரியர். செஞ்சி வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன வரலாற்றையும் சொன்னார். அன்றிரவே வீட்டு வாசற்படியில் அமர்ந்து, கொள்ளையரைச் சபித்து ஒரு கவிதை எழுதினேன். அதைப் பாட்டனாரிடம் படித்துக் காட்டினேன்.

அவர் முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. நீ உக்காந்திருக்கிற படிக்கல்லு எங்கேயிருந்து வந்துச்சு, தெரியுமா?" என்றார். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சின் அடியில் ஒரு கொடிக்கருக்கு வேலைப்பாடு பாதி தெரிந்தது. அவருடைய தந்தையார் கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்த கல் அது. "கேக்கிறவன் இல்லே. எல்லாரும் எடுத்தாங்க, நாமளும் எடுத்தோம்" என்றார்.

தூண்களைப் பற்றிப் பின்னரும் பல கவிதைகள் எழுதினேன். அவற்றுள் ஒன்றிலும் அந்தப் படிக்கல் இடம்பெறவில்லை. மறந்து விட்டதன்று, மறைத்தேன். இன்று சொல்ல வந்தது அதைத்தான்.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையைத் தடுத்து நின்றது நம் கோட்டை. அதே கோட்டை 1750 செப்டம்பர் 11ஆம் நாள் இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் வீழ்ந்தது. எட்டாண்டு நின்ற அதே மதில், ஓர் இரவில் வசமாயிற்று. புஸ்ஸியின் படைத்திறன் உண்மை. ஆயினும் அவரை இங்கு வரவழைத்தது எது? ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டனர். ஒருவர் பிரெஞ்சுக்காரரைத் துணைகொண்டார். மற்றவர் ஆங்கிலேயரைத் துணைகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர் சங் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சிக்கு உடந்தையாயினர் என்பது மெய்யே. ஆனால் அவரைச் சுட்டவர் அவர் பக்கம் நின்ற கடப்பை நவாபு. நாம் இன்றும் பாடி உருகும் தேசிங்குராசன் 1714இல் மாண்டதும் ஆர்க்காட்டு நவாபோடு கப்பப் பாக்கி குறித்து மூண்ட போரில்தான். அது வெள்ளையர் தொடுத்த போரன்று.

இதனால் அயலார் குற்றமற்றவர் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தனர். அந்நாளிலும் தானியம் கப்பலேறியது. அந்தக் கணக்கு தீர்க்கப்படவில்லை. அதை எழுதியே ஆகவேண்டும். எண்ணோடும் சான்றோடும் எழுதவேண்டும். குறையைப் பதிவு செய்வது வேறு. குறையிலேயே குடியிருப்பது வேறு. முன்னது நீதி கேட்கும். பின்னது நம் பங்கை நாமே பார்க்காதிருக்க உதவும் திரை.

மேனாட்டின்மேல் நம் நெஞ்சில் நிற்கும் கசப்பின் வேரை என்னளவில் தேடினேன். ஒரு வேர் அவர்கள் செய்த தீங்கு. இன்னொரு வேர் நம் நாணம். தூண் போனதற்கு நான் கொண்ட சினத்தின் ஒரு பகுதி, படிக்கல்லை எண்ணி எழுந்த நாணமே. நாணத்தைத் தாங்க மாட்டாதவன் அதைச் சினமாக்கி அயலான் வாசலில் இறக்கி வைக்கிறான்.

அந்தத் தூண்களின் நடுவே யார் நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். 1909இல் கப்பற் பயணத்தின்போது குசராத்தியில் 'இந்து சுயராச்சியம்' எழுதிய காந்தியடிகள். ஆங்கிலேயர் இந்தியாவைப் பறிக்கவில்லை, நாமே கொடுத்தோம் என்பது அந்நூலின் வாதங்களுள் ஒன்று. அவ்வாறு எழுதியவர் அடிமையாய் அடங்கவில்லை. தம் பங்கை ஒப்புக்கொண்டதனாலேயே, கொடுப்பதை நிறுத்தவும் முடியும் என்று மக்களுக்குக் காட்டினார். முழுப்பழியும் அயலானுடையதாயின் முழு ஆற்றலும் அவனுடையதே அன்றோ!

மற்றுமொன்று. செஞ்சி வீழ்ந்த காலத்தை நாள்தோறும் தமிழில் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையிலான நாட்குறிப்பு அது. அதை 1846இல் தேடிக் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இல் வெளிவரத் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாக 1928இல் நிறைவுற்றது. தமிழ் மூலம் நூல்வரிசையாக அச்சேறத் தொடங்கியதோ 1948இல். நம் எழுத்தை நாம் அச்சிடாதிருந்ததற்கு எந்தப் பீரங்கியைக் குறை சொல்வோம்?

கவிஞர் பெருமக்களே, 2025 சூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இனி உலகத்தார் வந்து கேட்பார்கள். அவர்களிடம் புலம்பலை மட்டும் நீட்டவேண்டாம். தூண் போன கதையைப் பாடுங்கள், உரக்கப் பாடுங்கள். அதே கவிதையில் ஓரடியேனும் அவரவர் வீட்டு வாசற்படிக்கு ஒதுக்குங்கள். அப்போதுதான் கேட்பவன் நம் குறையை நம்புவான். நம் பிள்ளைகளும் நம்மை நம்புவார்கள்.

எங்கள் வீட்டுப் படிக்கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. சென்ற பொங்கலுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டிக் கொடிக்கருக்கை வெளியே தெரியச் செய்தேன். வருவோர் கேட்கிறார்கள். எடுத்தவர் எங்கள் கொள்ளுப்பாட்டனார் என்று சொல்கிறேன். சொல்லும்போது நாணமாகத்தான் இருக்கிறது. ஆனால் சபிக்கத் தோன்றவில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் வட்டம்!