ஆசிரியர் எழுதாத பாடநூல்

1907 ஜனவரியில் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஒரு புது வகுப்பு தொடங்கியது. பாடம் பொது மொழியியல். மொழி என்றால் என்ன, அது எப்படி இயங்குகிறது என்று அடியிலிருந்து சொல்லித்தரவேண்டும். கேட்க வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடம் நடத்தியவர் ஃபெர்டினான் டி சசூர். அவர் கேட்டு வாங்கிய பாடமல்ல இது. முன்பு நடத்திவந்த பேராசிரியர் ஓய்வுபெற்றதால், சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டிருந்த சசூரின் தலையில் இதுவும் விழுந்தது.

ஆள் சாதாரணமானவர் அல்லர். 21 வயதிலேயே இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். அந்த மொழிகளின் மூலமொழியில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்கவேண்டும் என்று, எஞ்சிய ஒலிகளின் உறவை மட்டும் வைத்துக் கணக்குப்போட்டுச் சொன்னார். களிமண் பலகைகளிலிருந்து மீட்கப்பட்ட ஹிட்டைட் மொழியில் அதற்கான தடயத்தை 1927இல் போலந்து அறிஞர் குரிவோவிச் எடுத்துக்காட்டினார். சசூர் இறந்து அப்போது 14 ஆண்டுகள்.

இத்தனை கூர்மையானவர் பொது மொழியியலைப் பற்றி ஒரு நூலும் வெளியிடவில்லை. மொழியைப் பற்றி உருப்படியாகப் பத்து வரி எழுதுவதே பெரும்பாடு என்று 1894இல் மொழியியலாளர் மேயேவுக்கு எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார்.

வகுப்பில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மொழியில் எந்த உறுப்புக்கும் தனியாக மதிப்பில்லை, மற்றவற்றிலிருந்து அது வேறுபடுவதே அதன் மதிப்பு. தினமும் ஒரே நேரத்தில் கிளம்பும் ஜெனீவா–பாரிஸ் விரைவு ரயிலை உதாரணம் காட்டினார். இன்றைக்கு வேறு எஞ்சின், வேறு பெட்டிகள், வேறு ஊழியர்கள். ஆனாலும் ‘அதே ரயில்’ என்கிறோம். கால அட்டவணையில் மற்ற ரயில்களுக்கு நடுவே அதற்கு ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். வலி, வளி, வழி. இந்த மூன்றையும் ஒருவர் எந்தக் குரலில் சொன்னாலும் சரி, நடுவிலுள்ள ஒலி ஒன்றோடொன்று கலக்காதவரை மூன்றும் மூன்று சொற்கள். கலந்துவிட்டால் வலிக்கு மருந்து கேட்கப் போனவருக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள்!

1907, 1908–09, 1910–11 என மூன்று முறை இந்தப் பாடம் நடந்தது. 1913 பிப்ரவரியில் 55 வயதில் சசூர் காலமானார். அவர் வைத்திருக்கும் குறிப்புகளை நூலாக்கிவிடலாம் என்று சக பேராசிரியர்களான சார்ல் பாயியும் ஆல்பெர் செஷெயும் தேடினார்கள். மேசை இழுப்பறைகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வகுப்பு முடிய முடியக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டிருக்கிறார் மனிதர். தேடிய இருவருமே அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்களும் அல்லர். செஷெயின் மனைவி மட்டும் மூன்றாவது பாடத்தைக் கேட்டிருந்தார். அவருடைய நோட்டையும் ரீட்லிங்கர் உள்ளிட்ட மற்ற மாணவர்களின் நோட்டுகளையும் ஒப்பிட்டு, வெட்டி, ஒட்டி, 1916இல் ‘பொது மொழியியல் பாடம்’ என்ற நூலை வெளியிட்டார்கள். அட்டையில் ஆசிரியர் பெயர் சசூர்.

லெவி-ஸ்ட்ராஸின் மானிடவியலும் ரோலான் பார்த்தின் விமர்சனமும் இந்த நூலுக்குக் கடன்பட்டவை. 1982இல் தமிழவன் எழுதிய ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வழியாகத் தமிழ் இலக்கிய விவாதங்களுக்குள்ளும் சசூர் நுழைந்தார். ஆனால் மொழியை மொழிக்காக மட்டுமே ஆராயவேண்டும் என்ற கருத்துடன் முடியும் ‘பொது மொழியியல் பாடம்’ நூலின் புகழ்பெற்ற கடைசி வாக்கியம் எந்த மாணவரின் நோட்டிலும் இல்லை. அது பதிப்பாளர்கள் சேர்த்தது. சசூரின் கொள்கை இதுதான் என்று பலர் பல காலம் மேற்கோள் காட்டிவந்த வாக்கியம் அது.

மூன்றாவது பாடத்தை மிக விரிவாக எழுதி வைத்திருந்த மாணவர் எமில் கோன்ஸ்தான்தன். அவருடைய நோட்டுகள் ஜெனீவா நூலகத்துக்கு வந்துசேர்ந்தது 1958இல்தான். 1996இல் சசூர் குடும்பத்தின் வீட்டில் சசூரே கைப்பட எழுதிய தாள்களும் ஒரு கட்டாகக் கிடைத்தன. 2002இல் அவை அச்சேறின.

கோன்ஸ்தான்தனின் நோட்டுகளைப் பார்த்தால் பாடத்தின் வரிசையே வேறு. உலகின் மொழிகள், அவற்றின் பரவல், குடும்பங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசிவிட்டு, 1911 மே மாதத்தில்தான் ஒலியையும் பொருளையும் இணைக்கும் மொழிக்குறி என்ற கருத்துக்குச் சசூர் வருகிறார். அச்சு நூலோ அதை முதல் பகுதியிலேயே வைத்து, மொழிகளின் பரவலைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிட்டது. புதிதாகப் படிக்க வருபவருக்கு வகுப்பின் வரிசைதான் எளிது. பல மொழிகளைக் கண்ணால் பார்த்தவருக்கே பொதுவிதி ஒன்று வேண்டும் என்ற ஆவல் வரும்.