கல்யாண ஏற்பாட்டில் செயற்கை நுண்ணறிவு

(அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மும்பையில் மாதுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர் வசிக்கும் பகுதிகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கல்யாண காண்ட்ராக்ட் எடுத்து நடத்தி வருகிறேன். உபநயனம், சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் எல்லாம் அதில் அடக்கம். விஞ்ஞானி யாரையாவது கூப்பிட்டால் இந்தத் தலைப்பில் இன்னும் நன்றாகப் பேசியிருப்பார். ஆனாலும் காரியதரிசி என்னைத்தான் பேச வேண்டும் என்றார். "கணினி என்ன செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் அது என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கணினி நம் தொழிலுக்குப் புதிதல்ல. ஜாதகம் கணிக்கும் மென்பொருளை வெகு காலமாகவே பார்த்து வருகிறோம். அது கணக்கு. சூத்திரத்தைக் கொடுத்தால் விடை வரும், நூறு தடவை போட்டாலும் அதே விடைதான். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடியும் அதன் பிறகு வந்த மற்றவையும் வேறு ஜாதி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று பழகிக்கொண்டு, அந்தப் பழக்கத்தில் பதில் எழுதுகின்றன. அதனால் கடிதம் அழகாக எழுதும், பட்டியல் போடும், மொழிபெயர்க்கும். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். இந்த இரண்டு யந்திரங்களுக்கும் உள்ள வித்தியாசம் மனதில் இருந்தால் நான் மேலே சொல்லப்போவது எல்லாம் சுலபமாக விளங்கும்.

நன்மையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. முன்பு ஒரு கல்யாணம் என்றால் பெரியப்பா சமையலைப் பார்ப்பார், சித்தப்பா மண்டபத்தைப் பார்ப்பார், அத்திம்பேர் வாத்தியாரோடு இருப்பார். இன்று ஒரே பெண், ஒரே பிள்ளை. அவர்களும் வெளிநாட்டில். எழுபது வயது தம்பதிகள் இருவரே உட்கார்ந்து கல்யாணத்தை நடத்த வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் ஒருவர்தான். சென்ற வருஷம் ஒரு மாமி தன் ஒரே பெண்ணின் கல்யாணத்துக்காக என்னிடம் வந்தார். கணவர் காலமாகிவிட்டார். உடன்பிறந்தவர்களும் ஊரில் இல்லை. மண்டபத்தின் ஒப்பந்தம் மராத்தியில் இருந்தது. மாமி அதைப் போனில் படம் பிடித்து, தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி, வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அறுபது நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்று போட்டிருக்கிறதே, இதை முப்பது நாளாகக் குறைக்க முடியாதா?" என்று கேட்டார். அந்த ஷரத்தை அவர் எனக்கும் முன்னால் படித்திருந்தார். மண்டபக்காரரிடம் பேசினோம், குறைத்துக் கொடுத்தார். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு இந்தக் கருவி ஒரு துணை என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மொழி விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பாஷிணி என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 டிசம்பர் 17 அன்று வாராணசியில் காசி தமிழ் சங்கமத்தின் துவக்க விழாவில் பிரதமர் ஹிந்தியில் பேசப் பேச, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதைத் தமிழில் காதில் கேட்டார்கள். நம் வீடுகளில் இப்போது சம்பந்தி பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி என்று எல்லாம் வருகிறார்கள். நம் சடங்கின் அர்த்தத்தை அவர்கள் மொழியில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் தெரியுமா? முன்பு அதற்கு ஆள் தேடி ஒரு மாதம் ஆகும். இப்போது ஒரு மணி நேரத்தில் வரைவு வந்துவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்தால் போதும்.

அடுத்தது இலைக் கணக்கு. சமையல் காண்ட்ராக்ட்டில் லாபமும் நஷ்டமும் இதில்தான். அழைப்பிதழ் 640 பேருக்குப் போகிறது, எத்தனை பேர் சாப்பிட வருவார்கள்? பெண்ணின் தகப்பனார் பயத்தில் கூட்டித்தான் சொல்வார். நான் இப்போது பழைய கல்யாணங்களின் கணக்கை ஒரு மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை நாளா, விடுமுறையா, மண்டபம் ரயில் நிலையத்துக்குப் பக்கமா, மழைக்காலமா, எத்தனை பேர் வெளியூர் என்று எல்லாவற்றையும் பார்த்து அது ஓர் எண் சொல்லும். போன தையில் ஒரு கல்யாணத்தில் தகப்பனார் 550 என்றார், மென்பொருள் 470 என்றது. என் தலைமைச் சமையல்காரரையும் கேட்டுவிட்டு 500 இலைக்குச் சமைத்தோம். விழுந்த இலை 482. ஐம்பது இலைச் சாப்பாடு குப்பைக்குப் போகாமல் மிஞ்சியது. பெரிய ஹோட்டல்களில் இதையே வேறு மாதிரி செய்கிறார்கள். 2013-ல் லண்டனில் ஆரம்பித்த வின்னோ என்ற நிறுவனம், குப்பைத் தொட்டிக்கு மேலே காமிராவும் கீழே தராசும் வைத்து, எந்தப் பதார்த்தம் எவ்வளவு வீணாகிறது என்று யந்திரத்தையே கண்டுபிடிக்கச் செய்கிறது. அன்னத்தை வீணாக்கக் கூடாது என்று பாட்டி சொன்னதை இப்போது தராசு சொல்கிறது. யார் சொன்னால் என்ன, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போட்டோவும் மாறிவிட்டது. ஒரு கல்யாணத்தில் ஐயாயிரம் படம் எடுக்கிறார்கள். விருந்தினர் தன் முகத்தை ஒரு தடவை போனில் காட்டினால், அவர் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. இதன் சௌகரியத்தையும் ஆபத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, எங்கே இது காலை வாரிவிடும் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு பிரபல உரையாடல் செயலியிடம், "மும்பையில் தமிழ் ஸ்மார்த்த சம்பிரதாயப்படி இரண்டு நாள் கல்யாணம், நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொடு" என்று கேட்டுப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கம் வந்தது. முதல் நாள் மஞ்சள் பூசுதல், மெஹந்தி, சங்கீத். விரதமும் இல்லை, ஜானவாசமும் இல்லை. மறுநாள் மாங்கல்யதாரணம் ஆன பிறகு காசி யாத்திரை! தாலி கட்டிவிட்டு மாப்பிள்ளை சன்னியாசம் வாங்கப் புறப்பட்டால் பெண் வீட்டார் கதி என்ன ஆவது? (சிரிப்பு) தேதியைக் கேட்டேன், மார்கழியில் ஒரு நாளைச் சொல்லிற்று. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டிலும் திதி, நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முகூர்த்தம் பார்க்கத் தேவை கணக்கு. வாக்கியம் கோக்கும் யந்திரத்திடம் அதைக் கேட்பது, கவியிடம் பற்றுவரவு எழுதச் சொல்வது போல. முகூர்த்தத்துக்கு உங்கள் வாத்தியாரையே கேளுங்கள்.

அதே செயலிக்கு, எங்கள் வீட்டு நோட்டிலிருந்து முறையான வரிசையை எழுதிக் கொடுத்தேன். விரதம், நிச்சயதார்த்தம், காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்யதாரணம், ஸப்தபதி, நலங்கு, கட்டுச்சாதக்கூடை வரை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை என்றும் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஒன்று, நாதஸ்வரக்காரருக்கு ஒன்று, போட்டோக்காரருக்கு ஒன்று என்று நேரப் பட்டியல் பிசகில்லாமல் போட்டுக் கொடுத்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? நாம் எழுதி வைத்தது அதற்குத் தெரியும். நாம் எழுதாமல் மனதிலேயே வைத்திருப்பது அதற்குத் தெரியாது. வடக்கத்திக் கல்யாணத்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள், அதனால் எல்லாக் கல்யாணத்தையும் அப்படியே ஆக்கப் பார்க்கிறது. பத்து வருஷம் எல்லோரும் இதையே கேட்டு நடத்தினால், நம் பேரப்பிள்ளைகள் சங்கீத்தைத்தான் சம்பிரதாயம் என்று நினைப்பார்கள்.

மண்டப வாடகையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில பெரிய ஹோட்டல்களும் மண்டபங்களும் தேவையைப் பார்த்து விலையை ஏற்றி இறக்கும் மென்பொருளுக்கு மாறியிருக்கின்றன. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆஷாட ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை சாதுர்மாஸ்யம், கல்யாணம் பெரும்பாலும் கிடையாது. நமக்கோ ஆவணியிலும் ஐப்பசியிலும் முகூர்த்தம் உண்டு. அந்த மாதங்களில் கேட்டால் விலை இறங்கியிருக்கும். மே மாதத்தில் எல்லோரோடும் போட்டி போட்டால் ஏறியிருக்கும். யந்திரம் ஊர் வழக்கத்தைப் பார்க்கிறது. நாம் நம் வழக்கத்தைச் சொல்லிப் பேரம் பேச வேண்டும்.

இப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம். கல்யாண வீட்டு விருந்தினர் பட்டியலில் என்ன இல்லை? பெயர், விலாசம், போன் நம்பர், யார் யாருக்கு என்ன உறவு, வெளியூர்க்காரர் எந்தத் தேதியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறார், தங்கும் ஓட்டலுக்காக ஆதார் நகல் வரை. ஒரு திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இலவசச் செயலி என்று அதில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். 2024 நவம்பரில் ஹிமாசலப் பிரதேச சைபர் போலீஸார் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். திறந்தால் அது ஒரு செயலி. போனுக்குள் புகுந்து வங்கி விவரத்தை எடுத்துவிடும். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப்.ஆகவோ வரும். ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக அமலாகிறது. நீங்கள் சொந்த வீட்டு விசேஷத்துக்குப் பட்டியல் வைத்துக்கொள்வதை அது கட்டுப்படுத்தாது. அதை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே என்னைப் போன்ற காண்ட்ராக்டரிடமும், முகத்தை வைத்துப் போட்டோ பிரிப்பவரிடமும், "கல்யாணம் முடிந்ததும் இதை எப்போது அழிப்பீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காமிராவை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2025 பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் கூட்டத்தை எண்ணும் செயற்கை நுண்ணறிவுக் காமிராக்கள் இருந்தன, பதினொரு மொழியில் பதில் சொல்லும் உதவியாளர் செயலி இருந்தது. அப்படியும் ஜனவரி 29, மௌனி அமாவாசை அன்று விடியற்காலையில் நெரிசல் ஏற்பட்டு 30 பேர் உயிரிழந்ததாக அன்று மாலை போலீஸார் அறிவித்தார்கள். கூட்டம் சேர்ந்திருப்பதைக் காமிரா காட்டும். வழியைத் திறந்துவிட ஆள் வேண்டும். நம் மண்டபமும் அப்படித்தான். முதல் பந்தி முடிவதற்குள் வாசலில் நூறு பேர் நின்றால், வயதானவர்களைப் பார்த்து உட்கார வைக்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குரலைச் சில நிமிஷம் பதிவு செய்தால், அதே குரலில் யந்திரமே பேசும். பெண்ணின் தகப்பனார் குரலில், ஒவ்வொரு விருந்தினரையும் பெயர் சொல்லி அழைக்கும் போன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று என்னிடமும் வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். படுக்கையில் இருக்கும் அத்தைப்பாட்டி, "குழந்தை கூப்பிட்டானே, நாலு வார்த்தை பேசினானே" என்று பூரித்துப்போவாள். அவன் கூப்பிடவே இல்லை என்று தெரிந்தால்? நினைவூட்டலை யந்திரம் அனுப்பட்டும், ரயில் நேரத்தை அது சொல்லட்டும். அழைப்பு நம் வாயிலிருந்து வர வேண்டும்.

தொழிலாளர் பாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். முகூர்த்த காலத்தில் விருந்தினரைக் கூப்பிட்டுக் கேட்க நாலு பையன்களை வைத்திருந்தேன். இப்போது அந்த வேலைக்கு ஒருவர் போதும். இருவரைப் பந்தி மேற்பார்வைக்குப் பழக்கினேன். ஒருவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். சமையல்காரருக்கும், பரிசாரகருக்கும், நாதஸ்வரக்காரருக்கும் மாற்று வரவில்லை. வாத்தியார் விரலை அசைத்ததும் கெட்டிமேளம் கொட்ட, கண் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தவில்காரர் வேண்டும். யந்திரத்தால் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்காவது இவர்கள் சம்பளத்துக்குப் போகட்டும் என்று கல்யாண வீட்டாரையும் என் சக காண்ட்ராக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ஊர்க் கிளையும் தன் பக்கத்து மூத்த மாமிகளிடமும் வாத்தியார்களிடமும் உட்கார்ந்து, எந்தச் சடங்குக்கு என்ன சாமான், எத்தனை, எந்த வரிசை, எந்தக் குடும்பத்தில் என்ன வேறுபாடு என்று தமிழில் எழுதி வாங்க வேண்டும். சீர் பக்ஷணக் கணக்கும், பாலிகைக்கு எந்தத் தானியம் என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும். அந்த நோட்டு நம் கையில் இருந்தால் எந்த யந்திரத்தையும் நம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது சொன்னபடி நாம் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்போம். மும்பைப் பகுதிக்கு இந்த வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்களில் யார் முன்வருகிறீர்கள் என்று இன்று மதிய சாப்பாட்டுக்குள் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.